ஃபயர் ப்ரோ ரெஸ்லிங்: கேசட் ஓடாதது முதல் பிடி விழாதது வரை

நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய் அட்வான்ஸில் வந்த ஃபயர் ப்ரோ ரெஸ்லிங் என்ற மல்யுத்தக் கேமைப் பற்றி என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை ஒரே வரிதான்: "சரியாத்தான் அமுக்குறேன், ஆனா ஒவ்வொரு தடவையும் அவன்தான் என்னைத் தூக்கி அடிக்கிறான்." இதற்குக் கை காரணமாக இருக்கலாம். இருபது வருடம் தாண்டிய பட்டனுக்கு அடியில் தேய்ந்து கிடக்கும் ரப்பரும் காரணமாக இருக்கலாம். ஆடுபவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மற்ற கேம்களில் பட்டன் கொஞ்சம் தாமதமாகப் பதிவானாலும் சமாளித்துவிடலாம். இதில் முடியாது, மொத்த ஆட்டமும் சரியான கணத்தில் ஒரே ஒரு முறை அமுக்குவதில்தான் இருக்கிறது. அதனால் கருவியின் கோளாறையும் ஆட்டத்தின் கோளாறையும் இங்கே சேர்த்தே வைத்திருக்கிறேன். உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

எந்தக் கேம் என்று ஒரு வார்த்தை. 2001 மார்ச் 21 அன்று ஜப்பானில் அட்வான்ஸ் கருவி வெளியான அதே நாளில் ஸ்பைக் நிறுவனம் கொண்டுவந்தது 'ஃபயர் ப்ரோ ரெஸ்லிங் ஏ'. அதே ஆண்டில் பாம் என்டர்டெயின்மென்ட் அதை அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வெளியிட்டது. 2002இல் இரண்டாம் பாகமும் வந்தது. இரண்டு பாகங்களுக்கும் கீழே உள்ளது பொருந்தும். அட்வான்ஸுக்கு நாட்டுக்கு நாடு பூட்டு கிடையாது. ஜப்பான் கேசட் எந்த அட்வான்ஸிலும் ஓடும், ஆகவே "ஜப்பான் கேசட், அதான் ஓடல" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை: மூன்று பிரிவு முனையுள்ள சின்ன ஸ்க்ரூ டிரைவர், சாதாரண சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், 90 சதவீதத்துக்கு மேல் சுத்தமான ஐசோபுரோபைல் ஆல்கஹால், காது பட்ஸ். ஆல்கஹால் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில் கிடைக்கும். செல்போன் சர்வீஸ் செய்பவர்கள் எப்போதும் வைத்திருப்பார்கள்.

## ஆன் செய்தால் விளக்கே எரியவில்லை

முதலில் செல்லை மாற்றுங்கள். பழைய அட்வான்ஸுக்கு இரண்டு ஏஏ பென்சில் செல் வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வாங்கிய புது செல்லாக இருக்கட்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்று கலக்காதீர்கள்.

புது செல் போட்டும் எரியவில்லை என்றால் செல் வைக்கும் இடத்தின் தகடுகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பழைய செல் கசிந்திருக்கிறது. பட்ஸில் ஒரு துளி வினிகர் தொட்டுத் துடைத்து, அப்புறம் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். தகடு அமுங்கிப் போயிருந்தால் மெதுவாக வெளியே இழுத்து நிமிர்த்திவிடுங்கள்.

அடுத்து ஆன் சுவிட்ச். பல வருடம் அலமாரியில் கிடந்த கருவியில் சுவிட்சுக்குள் கறுப்பு படிந்திருக்கும். செல்லை எடுத்துவிட்டு, சுவிட்சின் இடுக்கில் ஒரு துளி ஆல்கஹால் விட்டு, இப்படியும் அப்படியும் பல தடவை தள்ளுங்கள். செத்துப்போனது என்று ஒதுக்கி வைத்த கருவிகள் இந்த ஒரு துளியில் எழுந்து உட்கார்வதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மடித்து மூடும் எஸ்பி மாடலாக இருந்தால் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். ஆரஞ்சு விளக்கு வந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். சார்ஜ் ஏறியும் சீக்கிரம் அணைந்தால் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரியை மாற்ற வேண்டும். பின்பக்கம் ஒரே ஸ்க்ரூதான், நீங்களே மாற்றலாம். பழைய பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அதைக் குத்தவோ வளைக்கவோ கூடாது.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: தகடும் சுவிட்சும் சுத்தமாகி, புது செல்லும் போட்டு, அப்போதும் விளக்கு வரவில்லை என்றால் போர்டில் உள்ள ஃப்யூஸ் போயிருக்கலாம். அதை மீட்டர் வைத்துப் பார்த்து, சால்டர் செய்துதான் மாற்ற வேண்டும். செல்போன் போர்டு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

## விளக்கு எரிகிறது, 'கேம் பாய்' எழுத்து வந்து அப்படியே நிற்கிறது

எழுத்து ஓடிவந்து நின்றபின் அதற்குக் கீழே 'நின்டெண்டோ' என்று வந்து 'டிங்' சத்தம் கேட்க வேண்டும். அது வரவில்லை என்றால் கேசட்டைக் கருவி படிக்கவில்லை. கருவி நன்றாகத்தான் இருக்கிறது, தொடர்புதான் இல்லை.

கேசட்டை எடுத்து வாயால் ஊதாதீர்கள். ஊதும்போது போவது காற்று மட்டும் இல்லை, ஈரமும்தான். நாளடைவில் பின்கள் துருப்பிடிக்க அதுவே காரணமாகிறது. பட்ஸை ஆல்கஹாலில் தொட்டு, கேசட்டின் தங்க நிறப் பின்கள்மேல் நீளவாக்கில் துடையுங்கள். பட்ஸ் கறுப்பாக வரும். கறுப்பு வருவது நிற்கும்வரை பட்ஸை மாற்றி மாற்றித் துடையுங்கள். ஒரு நிமிடம் காயவிட்டுப் போட்டுப் பாருங்கள்.

இன்னும் வரவில்லையா? வேறொரு அட்வான்ஸ் கேசட்டைப் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் கோளாறு உங்கள் ஃபயர் ப்ரோ கேசட்டில். கேசட்டைத் திறந்து, பின்களை வெள்ளை அழிரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, மறுபடி ஆல்கஹால். அட்வான்ஸ் கேசட்டில் மூன்று பிரிவு ஸ்க்ரூ ஒன்றே ஒன்றுதான் இருக்கும்.

எந்தக் கேசட்டும் ஓடவில்லை என்றால் கோளாறு கருவியின் செருகு இடத்தில். ஒரு கேசட்டின் பின்களில் ஆல்கஹாலைத் தடவி, ஈரமாக இருக்கும்போதே, செல் இல்லாத கருவியில் செருகி எடுங்கள், செருகி எடுங்கள். இன்னொன்றும் உண்டு. பழைய கேம் பாய் கேசட்டா, அட்வான்ஸ் கேசட்டா என்று கண்டுபிடிக்க செருகு இடத்தின் ஓரத்தில் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கிறது. அது அமுங்கியபடியே சிக்கிக்கொண்டால் அட்வான்ஸ் கேசட் ஓடாது. டார்ச் அடித்துப் பாருங்கள். சிக்கியிருந்தால் பல்குச்சியால் மெதுவாக விடுவிக்கலாம்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: டார்ச் வெளிச்சத்தில் பின்களில் ஒன்று மற்றவற்றின் வரிசையில் இல்லாமல் வளைந்து தெரிந்தால் நீங்கள் நிமிர்த்தப் போகாதீர்கள். ஒடிந்தால் முழு செருகு இடத்தையும் மாற்ற வேண்டிவரும்.

## பாதி ஆட்டத்தில் தானாக அணைந்து மறுபடி தொடங்குகிறது

பச்சை விளக்கு சிவப்பாக மாறியதா என்று பாருங்கள். மாறினால் செல் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ரீசார்ஜ் செல் போட்டிருந்தால் அதன் வோல்டேஜ் முதலிலேயே சற்றுக் குறைவு என்பதால் சிவப்பு கொஞ்சம் முன்னாடியே வரும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

பச்சையாக இருந்தே அணைகிறது, அதுவும் கருவியை ஆவேசமாகப் பிடித்து அமுக்கும்போது அணைகிறது என்றால் கேசட் ஆடுகிறது அல்லது சுவிட்ச் அழுக்கு. இரண்டுக்கும் வைத்தியம் மேலே சொன்னதுதான்.

## திரை இருட்டாக இருக்கிறது

பழைய அட்வான்ஸில் திரைக்கு விளக்கு கிடையாது. அது கோளாறு இல்லை, அப்படித்தான் செய்தார்கள். ஆனால் இந்தக் கேமில் எதிராளியின் முழங்கால் வளைவதைக் கண்ணால் பார்த்து அமுக்க வேண்டும் என்பதால் இருட்டு உண்மையாகவே தோற்கடிக்கும். ஜன்னலுக்கு முதுகு காட்டி, வெளிச்சம் தோளுக்கு மேலாகத் திரையில் விழும்படி உட்காருங்கள். செலவில்லாத தீர்வு இதுதான்.

அடுத்தது கருவியை மாற்றுவது. 2003இல் வந்த எஸ்பி மாடலில் முன்பக்க விளக்கு உண்டு. பிறகு வந்த ஏஜிஎஸ்-101 என்ற எஸ்பியில் பின்பக்க விளக்கு, திரை பளிச்சென்று இருக்கும். நின்டெண்டோ டிஎஸ், டிஎஸ் லைட் இரண்டிலும் அட்வான்ஸ் கேசட் செருகும் இடம் இருக்கிறது, திரைக்கு விளக்கும் இருக்கிறது. வீட்டில் யாரிடமாவது டிஎஸ் லைட் சும்மா கிடந்தால் தனியாக ஆட அதைவிட வசதி வேறில்லை.

எஸ்பியைத் திறந்து மூடும்போது திரை மினுக்கினால் மடிப்புக்குள் ஓடும் பட்டை ஒயர் தேய்ந்திருக்கிறது. அது ஆளிடம் கொடுக்க வேண்டிய வேலை. பழைய அட்வான்ஸில் விளக்குள்ள புதுத் திரை பொருத்தலாம். கிட்டுகள் விற்கிறார்கள், ஆனால் பலவற்றுக்குப் பிளாஸ்டிக் உடம்பில் சில இடங்களை வெட்ட வேண்டும். அசல் உடம்பை வெட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. வெட்டத்தான் வேண்டும் என்றால் புது உடம்பு ஒன்றை வாங்கி அதை வெட்டுங்கள்.

## சத்தம் கரகரக்கிறது அல்லது வரவில்லை

சத்தத்தைக் கூட்டும் சக்கரத்தை முழுதாக மேலும் கீழும் பல தடவை உருட்டுங்கள். போகவில்லை என்றால் ஒரு துளி ஆல்கஹால், மறுபடி உருட்டல். ஹெட்போனில் சத்தம் வந்து ஸ்பீக்கரில் மட்டும் வரவில்லை என்றால் ஹெட்போன் துளைக்குள் இருக்கும் தொடர்பு சிக்கியிருக்கிறது. பிளக்கைச் செருகி எடுத்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் விடும். சத்தம் இல்லாமலும் இந்தக் கேமை ஆடிவிடலாம், அதனால் இதற்காக மெனக்கெட்டுக் கருவியைத் திறக்க வேண்டாம்.

## பட்டன் சில சமயம் மட்டும் வேலை செய்கிறது

கோளாறு கையிலா கருவியிலா என்று பிரித்துக் காட்டும் சோதனை இதுதான். மல்லுக்கட்டில், அதாவது இருவரும் கட்டிப்பிடித்து யார் முதலில் அடிப்பது என்று போட்டியிடும் இடத்தில், தோற்பவர்கள் கட்டாயம் முதலில் இதைச் செய்யுங்கள்.

மெனுவுக்குப் போங்கள். திசைப் பட்டனில் கீழ்ப்பக்கத்தை வாயால் எண்ணிக்கொண்டே பத்து முறை, சாதாரண வேகத்தில், சாதாரண அழுத்தத்தில் அமுக்குங்கள். பத்து முறையும் நகர வேண்டும். அதே மாதிரி மற்ற மூன்று திசைகள். பிறகு ஏ பட்டனால் ஒரு விருப்பத்துக்குள் போய், பி பட்டனால் வெளியே வாருங்கள். அதையும் பத்து முறை. ஒன்பதுதான் பதிவானது என்றாலும் அந்தக் கருவி இந்தக் கேமுக்கு லாயக்கில்லை. பத்தில் ஒரு மல்லுக்கட்டை நீங்கள் கருவிக்கே கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஏ, பி இரண்டையும் சேர்த்து அமுக்கும் இடத்தில் ஒன்று மட்டும் பதிவானால் நீங்கள் கேட்ட அடி வராமல் வேறொன்று வரும். "சம்பந்தமே இல்லாத மூவ் போடுறான்" என்ற புகார் பல சமயம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

கோளாறு தெரிந்தால் திறக்க வேண்டியதுதான். பழைய அட்வான்ஸின் பின்பக்கம் ஆறு மூன்று பிரிவு ஸ்க்ரூக்களும், செல் வைக்கும் இடத்துக்குள் ஒரு ஸ்டார் ஸ்க்ரூவும் இருக்கும். போர்டைத் தூக்கும் முன் திரையின் பட்டை ஒயர் செருகியிருக்கும் பூட்டை இரண்டு பக்கமும் சமமாக விடுவியுங்கள். அவசரப்பட்டு இழுத்தால் திரையே போய்விடும்.

பட்டனுக்கு அடியில் இருப்பது டிவி ரிமோட்டில் இருப்பது போன்ற ரப்பர்தான்: அடியில் கறுப்பு கார்பன் பொட்டு, அது போர்டில் உள்ள தடத்தைத் தொடும்போது பட்டன் பதிவாகும். தடத்தை ஆல்கஹாலால் துடையுங்கள். ரப்பரின் கார்பன் பொட்டை உலர்ந்த பட்ஸால் மட்டும் மெதுவாக ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கார்பன் கழன்றுவிட்டால் அது திரும்ப வராது.

துடைத்தும் சரியாகவில்லையா? ரப்பர் செட்டை மாற்றிவிடுங்கள். செலவு அதிகமில்லை, சால்டர் வேலையும் இல்லை. புது ரப்பரை மாட்டிவிட்டு அதே பத்து முறை சோதனையைத் திரும்பச் செய்து பாருங்கள். மலிவான ரப்பர்களில் சில அளவுக்கு மேல் கெட்டியாக இருக்கும்.

தோள் பட்டன்கள் வேறு ரகம். அவை போர்டில் பற்றவைத்த குட்டி சுவிட்சுகள். ஓடுவதும் மூச்சு வாங்குவதும் இவற்றை நம்பித்தான் என்பதால் இவையும் முக்கியம். இடுக்கில் ஒரு துளி ஆல்கஹால் விட்டு முப்பது நாற்பது தடவை அமுக்குங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சுவிட்சையே மாற்ற வேண்டும். அது சால்டர் வேலை, தெரிந்தவரிடம் கொடுங்கள்.

## மல்லுக்கட்டில் எப்போதும் நான்தான் தோற்கிறேன்

பட்டன் சோதனையில் கருவி தேறிவிட்டதா? சரி, இப்போது கைக்கு வருவோம்.

இந்தக் கேமில் பிடி போட எந்தப் பட்டனும் கிடையாது. இருவரும் நடந்து நெருங்கினால் தானாகவே கட்டிக்கொள்வார்கள். கைகள் கோத்து, முழங்கால் வளைந்து, உடம்பு ஒரு கணம் தாழும். அந்தக் கணத்தில் அடியின் பட்டனை, வேண்டிய திசையோடு சேர்த்து, ஒரே ஒரு முறை அமுக்க வேண்டும். அதற்கு முன்னால் அமுக்கினால் தோல்வி. ரொம்பப் பின்னால் அமுக்கினால் எதிராளி முந்திக்கொள்வான். எப்படித் தோற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து காரணம் மாறும்.

### எல்லா மல்லுக்கட்டிலும், சின்ன அடியில்கூடத் தோற்கிறேன்

பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். கேட்காமலே சொல்லலாம், பத்தில் ஒன்பது பேர் இதைத்தான் செய்கிறார்கள். மற்ற ரெஸ்லிங் கேம்கள் வேகமாகத் தட்டுபவனுக்குப் பரிசு கொடுத்துப் பழக்கிவிட்டன. இங்கே முதல் தட்டு முன்கூட்டியே விழுந்துவிட்டால் அந்தக் கட்டு போச்சு. பின்னால் தட்டுவதால் எதுவும் மாறாது.

இதற்குப் பயிற்சி ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் கம்ப்யூட்டரே ஆடும்படி ஒரு ஆட்டத்தை வையுங்கள். கேமில் அதற்கு வசதி உண்டு. பட்டனைத் தொடாமல், அவர்கள் கட்டிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் உடம்பு தாழும் கணத்தில் விரலால் தொடையில் தட்டுங்கள். தட்டிய உடனே யாராவது ஒருவர் அடியைத் தொடங்கினால் உங்கள் கணம் சரி. ஏற்கெனவே தொடங்கிவிட்டார்கள் என்றால் தாமதம். ஓர் ஆட்டம் முழுதும் இப்படிப் பார்த்தால் கண்ணுக்குப் பழகிவிடும். பிறகு கம்ப்யூட்டரின் திறமையை அடிமட்டத்தில் வைத்து ஆடுங்கள். ஒரு கட்டுக்கு ஒரே அமுக்கு. தோற்றாலும் இரண்டாவது முறை அமுக்காதீர்கள்.

### சின்ன அடி விழுகிறது, பெரிய அடி போட்டால் திருப்பிவிடுகிறான்

இதில் கோளாறே இல்லை. கேம் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அடிகள் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று தரம். ஆட்டம் தொடங்கியதும் எதிராளி புத்தம் புதிதாக நிற்கும்போது பவர்பாம் (ஆளைத் தூக்கித் தரையில் அடிக்கும் பெரிய அடி) போடப் போனால், கணம் சரியாக இருந்தாலும் அவன் அதை உங்கள்மீதே திருப்புவான். முதல் சில நிமிடங்கள் தலைப்பிடி, பாடி ஸ்லாம் போன்ற சின்ன அடிகள் மட்டும். அவன் தரையிலிருந்து எழுந்துகொள்ள நேரமெடுக்கத் தொடங்கினால் நடுத்தரத்துக்குப் போகலாம். தள்ளாடி எழும்போதுதான் பெரியது.

திரையில் உயிர்ப்பட்டை எதுவும் இல்லாதது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். வீரனின் உடம்பே உங்களுக்குப் பட்டை. எழும் வேகம், நிற்கும் நிலை, மூச்சிரைப்பு, இவற்றைப் படிக்கப் பழகிவிட்டால் வேறு எந்த ரெஸ்லிங் கேமின் பட்டையும் உங்களுக்குத் திருப்தி தராது. 1989இல் பிசி எஞ்சின் கருவியில் ஹியூமன் நிறுவனம் தொடங்கிய இந்த வரிசையை இத்தனை வருடம் கழித்தும் ஜனங்கள் தேடி ஆடுவதற்கு என்னைப் பொறுத்தவரை இதுதான் முதல் காரணம்.

### ஒரு பட்டனில் ஜெயிக்கிறேன், இன்னொன்றில் தோற்கிறேன்

எதிராளி நன்றாகத் தளர்ந்த பிறகும், ஆட்டத்தின் அதே கட்டத்தில் இப்படி நடக்கிறதா? அப்படியானால் கை இல்லை, ரப்பர். பட்டன் தலைப்புக்குத் திரும்பிப் போங்கள்.

### நேற்றுவரை நன்றாக ஆடினேன், இன்று எதுவும் விழவில்லை

என்ன மாறியது என்று பாருங்கள். வேறு வீரனைத் தேர்ந்தெடுத்திருந்தால் அவன் நடையின் வேகம் வேறு. ராட்சத உடம்புக்காரர்கள் மெதுவாக நகர்வதால் கட்டு விழும் நேரத்தை நீங்கள் முன்கூட்டியே எதிர்பார்த்துவிடுவீர்கள். வேறு கருவியிலோ டிவியிலோ ஆடினால் கீழே 'போனிலும் கணினியிலும்' என்ற பகுதியைப் பாருங்கள்.

## குத்தும் உதையும் காற்றில் போகின்றன

வளையம் சாய்வாகப் பார்க்கும்படி வரையப்பட்டிருக்கிறது. அதனால் இருவரும் பக்கத்தில் நிற்பதுபோல் தெரிந்தாலும் ஒரே கோட்டில் நிற்காமல் இருக்கலாம். அவன் காலையும் உங்கள் காலையும் பாருங்கள், தலையைப் பார்க்காதீர்கள். கால்கள் ஒரே மட்டத்தில் வந்ததும் அடியுங்கள். இதற்கு மேல் இதில் எதுவும் இல்லை.

## என் ஆள் ஆட்டத்தின் நடுவில் குனிந்து நின்றுவிடுகிறான்

மூச்சு தீர்ந்துவிட்டது. ஓட்டமும் பெரிய அடிகளும் மூச்சைத் தின்னும். அதைத் திரும்ப ஏற்ற ஒரு தோள் பட்டன் இருக்கிறது. அமுக்கினால் வீரன் நின்று மூச்சு வாங்குவான். புதிதாக ஆடுபவர்கள் இதைத் தொடுவதே இல்லை, ஆட்டத்தின் பாதிக்கு மேல் தடதடவென்று தோற்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மூச்சு வாங்கும்போது நீங்கள் காவலில்லாமல் நிற்கிறீர்கள். ஆகவே அவன் தரையில் கிடக்கும்போது மட்டும் வாங்குங்கள். நல்ல அடி ஒன்றை விழவைத்ததும் உடனே அடுத்ததற்கு ஓடாமல், இரண்டு எட்டு விலகி, ஒரு மூச்சு. இந்தப் பழக்கம் வந்துவிட்டால் நீண்ட ஆட்டங்களில் கடைசிப் பகுதி உங்கள் கைக்கு வரும்.

பட்டனை அமுக்கியும் மூச்சு வாங்கவில்லையா? தோள் பட்டன் சுவிட்ச் போயிருக்கிறது.

## எத்தனை முறை அமுக்கிப் பிடித்தாலும் இரண்டு எண்ணுவதற்குள் உதறி எழுகிறான்

அவசரப்படுகிறீர்கள். ஒவ்வொரு அடிக்குப் பின்னும் மூன்று எண்ணும்வரை அவன் தோளைத் தரையில் அமுக்கப் போவதில் மூச்சும் நேரமும்தான் வீண். அவன் தள்ளாடும் நிலைக்கு வந்தபின், பெரிய அடி ஒன்று விழுந்த உடனே அமுக்குங்கள்.

எங்கே அமுக்குகிறீர்கள் என்றும் பாருங்கள். கயிற்றுக்குப் பக்கத்தில் என்றால் நடுவர் பிடியை விடச் சொல்லிவிடுவார். வலி கொடுத்துச் சரணடைய வைக்கும் பூட்டுப் பிடிகளுக்கும் அதே கதி. வளையத்தின் நடுவுக்கு இழுத்து வந்த பிறகு போடுங்கள்.

இன்னொரு வழி, ஓர் உறுப்பைக் குறிவைப்பது. கால் என்றால் கால் மட்டும், கழுத்து என்றால் கழுத்து மட்டும். சேதம் உறுப்புக்கு உறுப்பு சேர்ந்துகொண்டே போகும்; அதே உறுப்பில் கடைசியாக ஒரு பூட்டுப் பிடி போட்டால் அவன் சரணடைய வாய்ப்பு அதிகம். மூன்று எண்ணியே ஜெயிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

உங்களை அவன் அமுக்கும்போது என்ன செய்வது? இங்கேதான், இங்கே மட்டும்தான், எல்லாப் பட்டன்களையும் திசைகளையும் வெறிகொண்டு தட்ட வேண்டும்.

## ஜெயித்துக்கொண்டிருந்தேன், ஒரே அடியில் ஆட்டம் முடிந்துவிட்டது

திரையில் 'கிரிட்டிக்கல்' என்று வந்ததா? அது கோளாறு இல்லை. நிஜ வளையத்தில் ஒரு மோசமான விழுதலில் ஆட்டம் முடிவது போல, இங்கேயும் சில அடிகளில் அரிதாக அப்படி நடக்கும்படி வைத்திருக்கிறார்கள். அந்த வாய்ப்பு வீரனுக்கு வீரன் மாறும். அது உங்களுக்குச் சாதகமாகவும் வரும்.

நடுவர் எண்ணி முடித்து ஆட்டம் போனால் நீங்கள் வளையத்துக்கு வெளியே அதிக நேரம் நின்றிருக்கிறீர்கள். வெளியே விழுந்ததும் சண்டையைத் தொடராமல் உள்ளே ஏறுங்கள்.

## நான் உருவாக்கிய வீரர்கள் காணாமல் போய்விட்டார்கள்

இந்தக் கேமில் மிகவும் மனசு உடையும் இடம் இது. வீரனின் முகம், உடை, ஒவ்வொரு அடி, எந்தச் சூழலில் எதைச் செய்வான் என்ற குணம்வரை உட்கார்ந்து செதுக்க வசதி தந்த கேம். கேமில் வரும் வீரர்களின் பெயர்கள் நிஜப் பெயர்கள் இல்லை, ஆளைப் பார்த்தால் தெரியும், பெயர் மட்டும் மாறியிருக்கும். அதைத் திருத்தி எழுதியே நாள்கணக்கில் உட்காருபவர்கள் உண்டு. அதனால் இதில் வரிசை மாறாமல் போங்கள்.

முதலில், சேமித்து முடிக்கும்வரை கருவியை அணைக்காமல் இருந்தீர்களா? பின்கள் அழுக்காக இருந்தாலும் சேமிப்பு பழுதாகத் தெரியும். துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

அடுத்து, கேசட் அசல்தானா? போலி அட்வான்ஸ் கேசட்டுகள் ஏராளம், சேமிப்பு நிற்காமல் போவது அவற்றின் வழக்கமான குறை. கேசட்டின் அடியில் பின்களுக்குச் சற்று மேலே போர்டில் 'நின்டெண்டோ' என்று அச்சாகியிருக்க வேண்டும். லேபிளில் மேலிருந்து அழுத்திய இரண்டு எண்கள் சாய்த்துப் பார்த்தால் தெரிய வேண்டும். இரண்டும் இல்லை என்றால் போலி. அதில் வீரர்களைச் செதுக்கி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அசல் என்றால் திறந்து பாருங்கள். அட்வான்ஸ் கேசட்டுகளில் சில, செல் இல்லாத சிப்பில் சேமிக்கும். சில, சின்ன வட்ட செல்லை நம்பி இருக்கும். வட்ட செல் இருந்தால் மீட்டரால் அளந்து பாருங்கள். புது செல் 3 வோல்ட் காட்டும். வெகுவாக இறங்கியிருந்தால் அதுதான் காரணம்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: செல் மாற்றுவது. வழக்கமாக சிஆர்1616, தகடு பற்றவைத்ததாக வாங்க வேண்டும். வெறும் செல்லின்மேல் நேராக சால்டர் வைத்தால் அது வெடிக்கலாம். டேப் ஒட்டி நிறுத்துவது கொஞ்ச நாள்தான் தாங்கும். சேமிப்பில் இன்னும் ஏதாவது மிச்சம் இருந்தால், செல்லை எடுத்த கணமே அது அழிந்துவிடும். அதனால் கேசட்டைப் படித்துக் கணினியில் சேமித்து வைக்கும் கருவி உள்ளவரிடம் முதலில் நகல் எடுங்கள், அப்புறம் செல்.

## போனிலும் கணினியிலும் ஆடினால் கணம் தவறுகிறது

கேசட்டை நகலெடுத்து எமுலேட்டரில், அதாவது அட்வான்ஸ் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளில், ஆடுபவர்களுக்கு. அட்வான்ஸ் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 60 படம் காட்டுகிறது. நடுவில் நாலைந்து படம் தாமதமானாலே மல்லுக்கட்டின் கணம் நழுவிவிடும்.

எளிதிலிருந்து தொடங்குங்கள். ப்ளூடூத் கன்ட்ரோலரை விட்டுவிட்டு ஒயரில் செருகுங்கள். பெரிய டிவியில் காட்டினால் அதன் அமைப்பில் 'கேம் மோடு' ஆன் செய்யுங்கள். கணினியில் எம்ஜிபிஏ போன்ற எமுலேட்டரில் ஒலிக்கான பஃபரை (ஒலியை முன்கூட்டிச் சேர்த்து வைக்கும் அளவை) குறையுங்கள். போனின் தொடுதிரையில் ஆடினால் விரலுக்கு விளிம்பு தெரியாது, பார்க்காமல் திசையையும் பட்டனையும் சேர்த்து அமுக்க முடியாது. அதற்குச் சரிசெய்ய ஒன்றுமில்லை, கன்ட்ரோலர் வாங்குவதுதான்.

எமுலேட்டரில் வீரர்கள் காணாமல் போனால் காரணம் பெரும்பாலும் இதுதான்: ஆட்டத்தை அந்தக் கணத்தில் அப்படியே உறையவைக்கும் எமுலேட்டரின் 'ஸ்டேட்' சேமிப்பையும் கேமின் சொந்தச் சேமிப்பையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறீர்கள். பழைய ஸ்டேட்டைத் திறந்தால் அன்றைய நிலை திரும்ப வந்து, அதன்பின் கேமில் சேமித்ததை மூடிவிடும். இரண்டில் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள்.

## நண்பனோடு கேபிள் போட்டால் இணையவில்லை

ஒவ்வொருவருக்கும் ஒரு கேசட் வேண்டும், ஒரே பதிப்பாக. ஒரு கேசட்டை வைத்து இருவர் ஆடலாம் என்று நினைத்துத்தான் பலர் நிற்கிறார்கள்.

கேபிள் அட்வான்ஸுக்கானதா என்று பாருங்கள். கேம் பாய் கலருக்கான கேபிள் துளைக்குள் போகும், ஆனால் அட்வான்ஸ் கேமுக்கு வேலை செய்யாது. அட்வான்ஸ் கேபிளில் ஊதா நிற முனை முதல் ஆட்டக்காரருடையது. அதை மாற்றிச் செருகியிருந்தால் இருவரும் அணைத்துவிட்டு, முனைகளை மாற்றி, ஒன்றாக ஆன் செய்யுங்கள்.

டிஎஸ்ஸிலோ டிஎஸ் லைட்டிலோ முயல வேண்டாம். அவற்றில் இந்தக் கேபிளுக்குத் துளையே இல்லை, அட்வான்ஸ் கேமை அவற்றில் தனியாக மட்டும்தான் ஆட முடியும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஆட்டத்தின் நடுவில் தொடர்பு அறுந்தால் துளையை ஆல்கஹாலால் துடையுங்கள். கேபிள் தொங்காமல் இருவரும் பக்கத்தில் உட்காருங்கள். அதற்குப் பிறகும் அறுந்தால் கேபிளை மாற்றுங்கள். வேறு கேபிளிலும் அறுந்தால் ஏதோ ஒரு கருவியின் துளை போர்டிலிருந்து விட்டிருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க மூன்றாவது கருவி ஒன்றை இருவரோடும் மாற்றி மாற்றி இணைத்துப் பாருங்கள், பிறகு அந்த ஒன்றை மட்டும் சால்டருக்குக் கொடுங்கள்.